கொடியில் கிடந்த புடவை

மாவுப்பூச்சிக்கு எதை அடிப்பது, அசுவினிக்கு எத்தனை மில்லி என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் புரட்டச் சோம்பலாக இருந்தால் போனைத் தட்டுங்கள், அதுவே சொல்லிவிடும். தோட்டக்கலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிழவிக்குப் பொழுது போகட்டும் என்று கேட்கிறார்களோ என்று நினைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தேன். கையேட்டில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது பம்மாத்து.

எனக்குத் திருத்தணியில் 'பூச்சி மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் பின்னால் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணவூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில்வே கேங்மேன் வீட்டுச் செம்பருத்தியில் கருப்பாக, முள்ளு முள்ளாகச் சில புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பார்த்ததும் அடிக்கச் சொல்லிவிட்டேன். பதினைந்து நாளில் செடி முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. நான் கொன்றது பொறிவண்டின் புழுக்கள். அந்த மாவுப்பூச்சியைத் தின்று செடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவை அவைதான். "மேடம், நீங்க வந்து பூச்சிய நல்லா வளத்து வுட்டுட்டுப் போனீங்க" என்றார் கேங்மேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். செடியை அடியோடு வெட்டிவிட்டோம், மறுபடி தழைத்தது. அந்த மாதிரித் தப்புகளைப் பண்ணுங்கள், பரவாயில்லை. செடி மன்னித்துவிடும்.

இப்போது சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை.

மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமையல் செய்துவந்த குடும்பம் ஒன்று அடிவாரத்தில் இருந்தது. சாமிநாதன் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்காரர். மனைவி காலமாகிவிட்டார், மகன் சென்னையில். வீட்டில் இவரும் இவருடைய அக்கா விசாலமும் மட்டும்தான். விசாலம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியை ஆளாக்குவதிலேயே அவர் வயது போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். செவ்வரளி, நந்தியாவட்டை, ஒரு முருங்கை, அப்புறம் இருபது முப்பது குண்டுமல்லிச் செடி. விசாலம் வைத்து வளர்த்தது. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் தன் கையால் பறித்துத் தொடுத்த மல்லிகை மாலை ஒன்றை முருகனுக்குக் கொடுத்து அனுப்புவார். கோயிலில் யாரும் கேட்டதில்லை. அது அவராக வைத்துக்கொண்ட வேண்டுதல். தம்பிக்குச் சின்ன வயதில் உடம்புக்கு வந்தபோது வேண்டிக்கொண்டதாம். அதிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது சாமிநாதன் ஒரு வாழையிலைத் துண்டில் மொட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொரு மொட்டிலும் ஊசி குத்தியதுபோல ஓட்டை. மொட்டு ஊதா நிறமாகி, ஒன்றோடொன்று நூலாம்படையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மொட்டுப்புழு.

"மேடம், அக்கா ராத்திரியெல்லாம் தூங்கலை. இந்த வருஷம் சாமிக்கு மாலை இல்லாமப் போயிடுமோன்னு அழறா. ஏதாவது பண்ணணும்" என்றார்.

அன்றைக்கே போய்ப் பார்த்தேன். சாமிநாதன் முருங்கை நிழலில் நாற்காலியைப் போட்டு, மேல்துண்டால் அதைத் துடைத்து, "உக்காருங்கோ" என்றார். மோர் வந்தது. பின்கட்டு வாசலில் நின்றபடி விசாலம் பேசினார். ஒடிசலான உடம்பு, வெள்ளை முடி. "கொழந்தைகளைப் புழு தின்னற மாதிரி இருக்கு" என்றார்.

நான் வேப்பெண்ணெயில் ஆரம்பிக்கலாம் என்றேன். அதுதான் சரியான பதில். ஆனால் வேப்பெண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்யும், பத்து நாளில் மாலை கட்டும் அளவுக்குப் பூ கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாமிநாதன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இளகிவிட்டேன். வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதுவரை எழுதிக்கொடுக்காத கடுமையான மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்தேன். "அடிச்ச பிறகு ஏழு நாள் ஒரு பூவைக்கூடத் தொடக் கூடாது. எட்டாம் நாள் பறிச்சுக்கலாம்" என்று ரெண்டு பேரிடமும் மூன்று முறை சொன்னேன். விசாலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "கிருத்திகைக்கு முன்னாடி நாள் பறிக்கலாம். சரியா இருக்கு" என்று சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் மத்தியானம் மருந்தடிக்க ஏழுமலையை அனுப்பினேன். நல்ல வேலைக்காரன், ஆனால் கை தாராளம். ஒரு டேங்க் போதும் என்றால் இரண்டு டேங்க் அடிப்பான். அதனால் நானும் கூடப் போனேன். சாமிநாதன் மலைமேல் வேலைக்குப் போயிருந்தார். தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்கட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே விசாலம் ஏதோ முணுமுணுத்துச் சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது.

கிணற்றுத் தூணிலிருந்து எதிர்ச் சுவர்வரை உயரத்தில் ஒரு கொடி. சரியாக மல்லிகைச் செடிகளுக்கு மேலே. அதில் அரக்கு நிறப் புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுவரில் ஒரு நீளக் கோல் சாத்தியிருந்தது. அந்தக் கோலால்தான் புடவையைக் கொடியில் போடுவார்கள், எடுப்பார்கள். அது மடிப் புடவை. துவைத்து யார் கையும் படாமல் காயவைத்து, மறுநாள் விடியற்காலை குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டுதான் பூஜை. விரத நாட்களில் அதையே தண்ணீரில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு கட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

ஏழுமலை டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான். "மேடம், கொடியில பொடவ ஒண்ணு கீது. அந்தம்மா உள்ளதான் கீறாங்க. எடுக்கச் சொல்லட்டா?"

அவன் கேட்டான். அது முக்கியம், அதனால் எழுதுகிறேன். நாலாவது வரைகூடப் படிக்காத ஏழுமலை கேட்டான். படித்த நான் சொன்ன பதில் இது: "வேணாம்ப்பா. அது மடித்துணி. நம்ம கொரல் குடுத்து, அவங்க பூஜையில இருந்து எழுந்து வந்து, எதுக்கு? நீ அந்தப் பக்கம் மேல தூக்காத. கீழாப்புலயே அடிச்சினு போ."

ஏன் அப்படிச் சொன்னேன்? உங்களுக்கு இது புரியாமல் போகலாம். என் அம்மாவும் நைனாவும் ஆர்.கே.பேட்டை பக்கம் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். எட்டாவது படித்தபோது அம்மா வேலை செய்த ஒரு பெரிய வீட்டுக்குக் கூடப் போயிருந்தேன். திடீரென்று மழை. கொடியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டேன், உதவி செய்கிறேன் என்று. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை துணியையும் திரும்ப எடுத்துக் கிணற்றடியில் போட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அதையெல்லாம் மறுபடி துவைத்தாள். பட்டம் வாங்கினேன், வேலை வாங்கினேன், பெரிய பெரிய வீடுகளில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஆனாலும் இந்த மாதிரி வீடுகளில் பின்கட்டு நிலைப்படிக்குப் பத்தடி முன்னாலேயே என் கால் நின்றுவிடும். அன்றும் நின்றது. கதவு பத்தடி தூரத்தில் இருந்தது.

ஏழுமலை கீழாகத்தான் அடித்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும். திருத்தணியில் ஒரு மாதம் இருந்தவனுக்கும் அது தெரியும். மருந்துப் புகை மெல்லிசாக எழும்பிக் கொடிப் பக்கம் போனதைப் பார்த்தேன். புடவை லேசாக ஆடியது. கொஞ்சம்தானே, காய்ந்துவிடும் என்று நினைத்தேன். நான் பார்த்தது ஒரு தடவை எழும்பிய புகையை. ஏழுமலை அந்தக் கொடிக்கு அடியிலேயே இரண்டு வரிசை செடிகளை நின்று நிதானமாக நனைத்தான், அவனுடைய வழக்கமான தாராளக் கையோடு.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சாமிநாதன் போன் செய்தார்.

"மேடம், அக்கா பூஜையில உக்காந்திருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. நேத்திலேர்ந்து விரதம். வெறும் வயிறுன்னு சர்க்கரைத் தண்ணி குடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. மருந்து வாசனை ஒத்துக்கலையோன்னு உங்களைக் கேக்கறேன்."

"வாயில எச்சில் வழியுதா?"

"ஆமா. நிக்காம வழியறது. ஒடம்பெல்லாம் வேர்வை."

"கண்ணைத் தெறந்து பாருங்க. கருமணி எப்படி இருக்கு?"

போய்ப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "கடுகு மாதிரி இருக்கு மேடம்."

மருந்து உடம்பில் ஏறியதற்கு அதுதான் அடையாளம். "பூப் பறிச்சாங்களா?" என்று கத்தினேன். "ஐயோ இல்லை மேடம். தோட்டத்துப் பக்கமே போகலை. நீங்க சொன்னதுதான் அவளுக்கு வேதம்" என்றார். அப்போதுதான் எனக்குக் கொடி ஞாபகம் வந்தது. "என்ன புடவை கட்டியிருக்காங்க?" என்று கேட்டேன். "மடிப் புடவைதான். ஈரமா கட்டிண்டிருக்கா. கார்த்தால நாலரை மணிலேர்ந்து அதோடதான் இருக்கா" என்றார்.

காலை நாலரை மணியிலிருந்து பத்து மணிவரை. மருந்து குடித்த துணி, ஈரத்தில் ஊறி, உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு. தோட்டமே மருந்து நாற்றம் அடித்ததால் புடவையின் நாற்றம் தனியாகத் தெரியவில்லை.

"அதை முதல்ல அவுத்துட்டு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்க. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க" என்றேன். "நான் எப்படி மேடம்? அக்கா ஆச்சே" என்றார். வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

அங்கே போய் நான் செய்ததையும் எழுதுகிறேன். தோட்டத்தைத் தாண்டி ஓடினேன். பின்கட்டு நிலைப்படியில் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு மனுஷி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், நான் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்கிறேன். சாமிநாதன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "வாங்கோ மேடம், வாங்கோ" என்று அலறினார்.

விசாலத்தைக் கிணற்றடிக்குத் தூக்கி வந்து, அந்தப் புடவையை அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை சோப்புத் தேய்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். சாமிநாதன் முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் சேந்திக் கொடுத்தார். ஸ்கூட்டிக்காக நான் தலையில் கட்டியிருந்த துப்பட்டாவையும், சாமிநாதன் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்த வேட்டியையும் சுற்றி ஆம்புலன்சில் ஏற்றினோம். திருத்தணியில் முதல் ஊசி போட்டுத் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள்.

அன்று முழுக்க விசாலம் நினைவில்லாமல் பிதற்றினார். விஷத்தை முறிக்கப் போடும் மருந்துக்கு அந்தக் குணம் உண்டு, உளறுவார்கள், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். விரல்கள் போர்வையில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. மல்லிகை மொட்டைப் பறிக்கிற அதே கை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் காலை போனபோது தெளிந்திருந்தார். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்தார். சாமிநாதன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நானும் விசாலமும் மட்டும். அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்குக் கொடியில உங்க புடவை இருந்தத நான் பாத்தேன். ஏழுமலைகூடக் கேட்டான். நான்தான் வேணாம்னுட்டேன். உங்கள எழுப்பினா மடி கெட்டுடுமோ, நான் சொன்னா தப்பா எடுத்துப்பீங்களோன்னு…"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"ஒரு கொரல் குடுக்கக் கூடாதாம்மா? எடுத்திருப்பேனே. மடி போனா என்ன, கெணத்துல தண்ணி இல்லையா? இன்னொரு புடவையை நனைச்சுக் கட்டிண்டா ஆச்சு" என்றார். அப்புறம், "எங்காத்துக் கதவைத் தட்ட உனக்குப் பயமா?" என்று கேட்டார். அதுவரை நீங்கள் என்று பேசியவர் அன்றைக்கு நீ என்றார். நான் தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் பிடிக்கப் பலமே இல்லை.

பிழைத்துவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். இந்த மருந்துக்கு ஒரு குணம் இருக்கிறது, அதை டாக்டர்கள்தான் எனக்குப் பிறகு சொன்னார்கள். தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் கழுத்தும் நெஞ்சும் தளர்ந்து மூச்சு நின்றுவிடும். அன்று சாயங்காலம் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. மெஷினில் வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

விசாரணை வந்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னை மகளாக நினைத்தவர், எனக்குக் கெடுதல் நினைக்காதவர். "பாத்தேன்னு எழுதாதம்மா. ரெண்டு புள்ளைங்கள வச்சினு இருக்க. துணி கவனிக்கப்படலன்னு எழுது. போன உசுரு திரும்பியா வரப்போவுது?" என்றார். அப்படியே எழுதினேன். குற்றம் மருந்தடித்தவன்மேல் விழுந்தது, ஏழுமலை வேலை தேடி நகரிப் பக்கம் போய்விட்டான். எழுதச் சொன்னவர்மேல் பழி போட மாட்டேன். பேனா என் கையில் இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், அதாவது மருந்தடித்த எட்டாம் நாள், துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்குப் போனேன். தோட்டம் வெள்ளையாக இருந்தது. ஒரு மொட்டில்கூட ஓட்டை இல்லை, ஒரு புழு இல்லை. மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. சாவு வீட்டுப் பூ சாமிக்கு ஆகாது. ரோட்டில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன, அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பறிக்க ஆளில்லாமல் அத்தனை பூவும் செடியிலேயே பழுத்துக்கொண்டிருந்தது.

சாமிநாதன் மொட்டைத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மருந்தடிச்ச அன்னிக்குக் கொடியில புடவை இருந்ததை நீங்க பாத்தேளா?"

"இல்லைங்க. கவனிக்கல" என்றேன்.

"சரி" என்றார். ஒரு தரம் தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. வேலையில் ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொண்டேன். எந்த வீடானாலும், யார் வீடானாலும், மருந்து டேங்கைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் தட்டி வீட்டிலிருப்பவர்களைத் தோட்டத்துக்குக் கூப்பிடுவேன். கொடியில் என்ன காய்கிறது, யார் பூப் பறிப்பது, எந்த நேரத்தில், என்ன கட்டிக்கொண்டு, எல்லாம் கேட்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். "பூச்சி மேடத்துக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்" என்பார்கள். சுளிக்கட்டும். அடுத்த வீட்டு வழக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறீர்களே, அது பாதி நேரம் மரியாதை இல்லை, பயம். நான் என் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதற்கு விசாலம் தன் உயிரைக் கொடுத்தார்.

இத்தோடு முடித்திருந்தால் இது உங்களுக்கு ஒரு பாடம். நீங்களும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருக்கும். இனி எனக்கு வேலை போகும் என்ற பயமில்லை, பென்ஷன் உத்தரவும் வந்துவிட்டது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குத் தைரியம் அப்போதுதான் வந்தது. சாமிநாதன் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். அவருக்கும் வயதாகிவிட்டது, வேலையை விட்டுவிட்டார். தோட்டம் முழுக்கப் புதர். மல்லிகைச் செடிகளை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாராம்.

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்கு நான் பொய் சொன்னேங்க. புடவைய நான் பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில அக்காகிட்ட உண்மையச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அக்காகிட்டச் சொன்னேளா? நெஜமாவா?" என்றார்.

"ஆமாங்க. மூணாம் நாள் காலையில. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

அவர் தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். என்னிடம் பேசுவதுபோல இல்லை.

"அன்னிக்கு மத்தியானம் அக்கா என்னைக் கிட்டக்கக் கூப்பிட்டா. மேடம் புடவையைப் பாத்தாளாம்டா, சொல்லக் கூச்சப்பட்டுண்டு இருந்துட்டாளாம். பாவம், அவளை நீ ஒண்ணும் கேட்டுடாதே. அவ நம்மாத்துக்கு வந்தா உள்ளே கூப்பிட்டு உக்கார வைன்னா. அதுக்கப்பறம் அவ பேசவே இல்லை. அதான் கடைசி. எனக்கு மனசு கேக்கலை. அதனாலதான் உங்ககிட்டக் கேட்டேன். நீங்க இல்லைன்னுட்டேள்."

அவரே தொடர்ந்தார்.

"டாக்டர்தான் சொல்லியிருந்தாரே, மருந்து வேகத்துல உளறுவான்னு. நீங்க இல்லைன்னதும் நானும் அப்படித்தான் நெனச்சுண்டேன். என்னை வளத்தவ. கடைசியா எங்கிட்டச் சொன்ன ஒரு வார்த்தை வெறும் பெனாத்தல்னு இத்தனை வருஷமா நெனச்சுண்டு இருந்தேன் மேடம்."

மேல்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"அப்போ அக்கா நெனவோடதான் பேசியிருக்கா."

நான் "ஆங்" என்றேன். அவர் அதையே இன்னொரு முறை சொன்னார்.